மூன்று நாள் ஒரே ரீடிங்

1

கோவிந்தன் போன் செய்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். திருப்பத்தூரில் ஜூஸ் கடை வைத்திருப்பவர். மலைமேல் புதூர்நாட்டில் நாங்கள் தயாரிக்கும் இஞ்சி பீரை முதன்முதலில் வாங்கி விற்றவர் அவர்தான்.

"சார், உங்க பாட்டிலு வெடிச்சிப் போச்சி. கண்ணாடி புருவத்த கிழிச்சிடுச்சி. மூணு தையல் போட்டுட்டு இப்பத்தான் வர்றேன்."

"கண்ணு?"

"தப்பிச்சிது. ஒரு விரக்கடை கீழ பட்டிருந்தா இன்னா ஆகியிருக்கும், நீங்களே சொல்லுங்க."

மீதிப் பாட்டில்களைத் தொட வேண்டாம், ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டுக் கடையைச் சாத்துங்கள் என்றேன். தட்டை மூடி வைத்தேன். அவற்றை அடைக்கலாம் என்று சொன்னவன் நான்.

பீர் ஃபேக்டரியில் குவாலிட்டி பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவன் நான். மலைக்கு வந்ததும், மல்லிகா என்பவர் நடத்தும் மகளிர் குழு இஞ்சி பீர் செய்ய என்னைக் கூப்பிட்டது. வீட்டில் பீர் காய்ச்சினால் இங்கே போலீஸ் வரும். இஞ்சி பீருக்கு வராது; போதை ஏறும் அளவுக்கு வெல்லமே போடுவதில்லை. ஆனால் ஈஸ்ட் எங்கேயும் ஒன்றுதான். வெல்லத்தைத் தின்னும், கேஸ் விடும். தின்று முடிக்கும் முன் அடைத்தால் மீதியைப் பாட்டிலுக்குள் தின்னும்.

முடிந்ததா என்று பார்க்க ஹைட்ரோமீட்டர் இருக்கிறது. சாற்றில் மிதக்கவிட்டால், சர்க்கரை குறையக் குறைய அது கீழே இறங்கும். மூன்று நாள் ஒரே ரீடிங் வந்தால் பாட்டில் போடலாம். ஃபேக்டரியில் எனக்கு இதுதான் வேதவாக்கு.

தண்ணீரை ஆயிரம் என்று வைத்து, அதற்கு மேலே எத்தனை என்று எண்ணுவோம். வெடித்த பேட்ச் பன்னிரண்டில் தொடங்கி எட்டில் நின்றது. வழக்கமாக இரண்டு வரை இறங்கும்.

"இன்னா சார், எட்டுலயே நிக்குது?" என்றார் மல்லிகா.

"இந்த வெல்லம் அப்படி. ஈஸ்ட் தின்னாத அழுக்கு அதுல அதிகம்."

"எப்பவும் வாங்குற வெல்லந்தானுங்களே."

"மூணு நாளா அசையலம்மா. போட்டுடலாம்."

தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது தை மாதம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் ரீடிங் எடுத்தேன், அப்போதும் உறைக்கவில்லை. ஃபேக்டரியில் டேங்கின் சூடு எப்போதும் ஒரே அளவில் இருக்கும். அதைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் உண்டு. இங்கே ஈஸ்ட் வேலையை முடிக்கவில்லை, குளிரில் சுருண்டு படுத்திருந்தது. ஜீப்பில் கீழே இறங்கி, கடையின் தகர ஷீட்டுக்கு அடியில் உட்கார்ந்ததும் எழுந்து மீதியைத் தின்றது. போதாததற்கு, கேஸ் பிடிப்பதற்காக அடைக்கும்போது நாங்களே அளந்து போட்ட சர்க்கரை வேறு.

2

மறுநாள் நானும் மல்லிகாவும் கோவிந்தன் கடைக்குப் போனோம். ஹெல்மெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து கொட்டினோம். கோவிந்தன் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பு என்னுதுதாங்க," என்றேன்.

"சரி சார். ஆனா இனிமே உங்க மீட்டர நான் நம்ப மாட்டேன். மூடறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒண்ணு அனுப்புங்க. நான் சொன்னாத்தான் மூடணும்."

"பிளாஸ்டிக்ல அனுப்புறோங்க," என்றார் மல்லிகா. "உப்புனா கையிலயே தெரியும்."

இரண்டு பேரும் என்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு பேட்சிலும் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் ஜீப்பில் இறங்குகிறது. கோவிந்தன் முதல் நாள் மூடியைத் திறந்து, கரைந்திருக்கும் கேஸை விட்டுவிட்டு, மறுபடி இறுக்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைப்பார். தினமும் அமுக்கிப் பார்ப்பார்; மறுபடி இறுகினால் ஈஸ்ட் இன்னும் தின்கிறது என்று அர்த்தம்.

போன குளிருக்கு ரீடிங் மூன்று நாளாக நாலில் நின்றது. நாலுக்கும் இரண்டுக்கும் பெரிய தூரமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது. பாட்டில்களைக் கழுவி எடுத்து வைத்தும்விட்டேன். அப்போது போன் வந்தது.

"கல்லு மாதிரி கீது சார்."

"நல்லா அமுக்கிப் பார்த்தீங்களா?"

"புருவத்த தடவிக்கினேதான் சார் அமுக்குனேன்."

பாட்டில்களைத் திரும்ப உள்ளே அடுக்கினோம்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நின்றுவிட்டது என்பதை மட்டும்தான் மீட்டர் சொல்லும். ஏன் நின்றது என்று சொல்லாது. சரக்கு போகப் போகிற ஊருக்கு முதலில் ஒரு பாட்டிலை அனுப்பிவைத்து, அதைக் கையில் பிடிக்கப் போகிறவரைக் கேளுங்கள்.