துணி சுற்றிய வளையல்கள்

யுத்த காலத்தில் நாங்கள் திருவரங்குளத்தில் குடியிருந்தோம். முதல் குழந்தை பெண், நாலு மாதம். அதன் இரண்டு கண்மணிகளின் நடுவிலும் மோர்த்துளி போல ஒரு வெண்மை இருந்தது. காலையிலும் மாலையிலும் வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அளவு பார்ப்பேன். முதலில் கடுகளவு என்று நினைத்தேன். பிறகு மிளகளவு என்று தோன்றியது. விளக்கை ஏற்றினால் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பும். அதை வைத்தே மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

என் மாமனாருக்கு முந்தின வருஷம்தான் புரை எடுத்திருந்தார்கள். அதனால் கண் விஷயத்தில் வீட்டுக்கு அவரே அதிகாரி.

"முத்தட்டும் மாப்ளெ. எனக்கு மூணு வருஷம் முத்தவிட்டுத்தானே எடுத்தாங்க. பிஞ்சுல கை வைக்கப்படாது."

ஊரில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொன்னார்கள். எனக்கும் நியாயமாகப் பட்டது. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

ஒரு காலை என் மனைவி கந்தல் துணி கொண்டுவந்தாள். சுமங்கலி வளையலைக் கழற்றக் கூடாது. அதனால் இரண்டு கை வளையல்களையும் சத்தம் வராதபடி துணியால் சுற்றிக் கட்டினாள். பேசாமல் தொட்டிலில் குனிந்து நின்றாள். அவள் வந்தாலே சிரிக்கிற குழந்தை சிரிக்கவில்லை. கண்கள் எங்கோ அலைந்தன. துணியை அவிழ்த்துக் கையை அசைத்தாள், சிரித்தது.

"வளையலுக்குத்தாங்க சிரிக்குது. எனக்கில்லை."

அன்றே, பெட்ரோல் தட்டுப்பாட்டில் அப்போது கரிவாயுவில் ஓடிய கரி பஸ்ஸில் புதுக்கோட்டைக்குப் போனோம். மாமனாரும் ஏறிக்கொண்டார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டார். முத்தட்டும் என்றுதான், எனக்கும் மூன்று வருஷம் விட்டுத்தானே எடுத்தார்கள், என்றார் மாமனார்.

"ஒங்க கண்ணு அறுபது வருஷம் பார்த்த கண்ணுங்க. மூணு வருஷம் மூடிக் கெடந்தாலும் மறக்காது. இது இனிமேத்தான் பார்க்கவே பழகணும். முத்தவிட்டா, பழகாமலே போயிரும். அப்புறம் புரையை எடுத்தும் பிரயோசனமில்லை."

"இப்பவே நேரம் கடந்துபோச்சுங்களா?" என்றேன்.

"கீறினாத்தான் தெரியும்."

வலது கண் புரையை முதலில் ஊசியால் கீறினார்கள். கட்டு அவிழ்த்த பிறகும் கீறிய புரை தானாகக் கரைய வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். வீட்டுக்கு வந்தபின் தினமும் என் மனைவி வளையல்களில் துணி சுற்றிக்கொண்டு தொட்டிலருகே நிற்பாள். நூறு எண்ணுவதற்குள் சிரித்துவிடும் என்று நான் கதவருகில் எண்ணுவேன். நூறு தாண்டும். இருநூறும் தாண்டும். மாமனார் அந்த நேரத்தில் குளத்துப் பக்கம் போய்விடுவார்.

ஒரு நாள் நாற்பதுக்கு மேல் எண்ணிக்கொண்டிருந்தபோது குழந்தையின் கண் அலைவது நின்றது. சிரிக்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு உற்றுப் பார்த்தது. பிறகு கையை நீட்டி, இரண்டு முறை தவறி, அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது.

"வலிக்குது, விடச் சொல்லுங்க," என்றாள். ஆனால் முகத்தை விலக்கவில்லை.

நான் எண்ணுவதை நிறுத்தவில்லை. இடது கண் பாக்கி இருந்தது.