கவிழ்த்துப் பார்க்கிறவள்

நாற்காலியை எடுத்துப் போட்டு "உட்காரும்மா" என்றால் அவள் உட்காரமாட்டாள். முதலில் அதைக் கவிழ்ப்பாள். அடியில் இருக்கையைத் தாங்கும் பட்டை தொய்ந்திருக்கிறதா, கால் ஆடுகிறதா, அவசரத்தில் எவனோ அடித்த ஆணி கோணிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பாள். கட்டைவிரலால் இரண்டு இடத்தில் அழுத்துவாள். அப்புறம்தான் நிமிர்த்தி வைத்து உட்காருவாள். கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, துக்கம் கேட்கப் போன இடம் என்ற பேதமெல்லாம் அவளுக்குக் கிடையாது. பல் பிடுங்கப் போனபோது டாக்டரின் அந்தப் பெரிய நாற்காலியைக் கவிழ்க்க முடியாமல் போனதை இன்றைக்கும் ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"மேல பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும் அத்தை. அடியில பாத்தாத்தான் எத்தனை நாளைக்கு நம்மளத் தாங்கும்னு தெரியும்" என்பாள்.

என் பெரியப்பாவின் மூன்றாவது மகனுக்கு அவள் ஒரே பெண். அந்த அண்ணனுக்குக் குஷன் வேலை. சோபா, நாற்காலி, வண்டி சீட்டு எதுவானாலும் பிரித்துப் புதிதாகத் தைத்துக் கொடுப்பார். அவருக்குப் பிறகு சுத்தியல் மருமகனுக்குத்தான் போகும் என்று குடும்பத்தில் எல்லாரும் நினைத்தோம். மருமகனோ சரக்கு லாரி ஓட்டுகிறவர். ஆணி அடிக்கச் சொன்னால் தன் கட்டைவிரலை மட்டும் குறி தப்பாமல் அடிப்பார். சரி என்று இவளே சுத்தியலை எடுத்துக்கொண்டாள். இப்போது நாற்பது வயது. கீழ்வீட்டில் அவள், மேல்வீட்டில் நான். தெருவில் அவளுக்குப் பெயர் குஷன்காரம்மா.

வேலை நேரத்தில் அவள் உதட்டோரத்தில் ஐந்து சின்ன ஆணிகள் இருக்கும். ஒவ்வொன்றாக நாக்கால் முன்னே தள்ளுவாள். சுத்தியலின் காந்த முனை அதைக் கவ்விக்கொள்ளும். ஒரே தட்டு, ஆணி உள்ளே. இத்தனைக்கும் நடுவில் பேச்சு நிற்காது. போனில் முதல் தடவை அவளிடம் பேசுகிறவர்கள், பாவம், இந்த அம்மாவுக்கு வாயில் ஏதோ கோளாறு என்று இரக்கப்பட்டு ஒரு வார்த்தை அன்பாகப் பேசுவார்கள்.

அவளுடைய அப்பா அவளுக்கு இரண்டு சட்டம் வைத்துவிட்டுப் போனார். சோபாவைப் பிரிக்கும்போது உள்ளே என்ன கிடைத்தாலும் ஒரு உறையில் போட்டுச் சொந்தக்காரரிடம் சேர்க்க வேண்டும். சீப்பு, சாவி, பொம்மையின் கை என்று ஏதேதோ வரும். ஒரு தடவை ஒரு முழுப் பல்செட் வந்தது. அதன் சொந்தக்காரர் இரண்டு வருஷமாக மருமகள்மேல் சந்தேகமாக இருந்தாராம். அடுத்த சட்டம், எந்தச் சாமான் யாருடையது என்று வெளியில் மூச்சு விடக்கூடாது. சொந்தக்காரரின் பெயரைச் சாக்பீஸால் அடிப்பலகையில் எழுதி வைப்பாள். மேலே பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

"கிழிஞ்ச சோபாவும் கிழிஞ்ச உள்பாவாடையும் ஒண்ணுதான் அத்தை. யாரோடதுன்னு ஊருக்குச் சொல்லலாமா?"

இவளுக்கு ஒரு மகள். பதினோரு வயது. அம்மா கூப்பிடுவதைக் கேட்டு அவளும் என்னை அத்தை என்றே கூப்பிடுவாள். அந்தப் பெண், பேர் பெற்ற தனியார் பள்ளி ஒன்றின் நுழைவுத் தேர்வை எழுதி மூன்றாவதாக வந்துவிட்டது. கட்டணத் தாளைப் பார்த்த லாரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது படிச்சு முடிக்கிற வரைக்கும்தானே?"

"ஒரு வருஷத்துக்குப்பா."

நல்லவேளை, முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளியே கட்டணத்தில் உதவி செய்கிறது. அதற்குப் பதினோரு பக்கத்தில் ஒரு படிவம். மகள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாக வாசிக்க, அம்மா ஆணியும் வாயுமாகப் பதில் சொன்னாள்.

"தொழில்னு போட்டுக் கட்டம் கட்டமா இருக்கும்மா. குஷன் வேலைன்னு எதுவும் இல்ல."

"கிட்டத்துல என்ன இருக்கு?"

"தையல்."

"நாமளும் தைக்கத்தானே செய்றோம். அதுலயே டிக் போடு."

"சொந்தமா இருக்கிற விலை உயர்ந்த பொருள்?"

"உங்கப்பா."

லாரிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மதிப்பு எவ்வளவுன்னு கேட்டிருக்காங்களா?"

"தேய்மானம் கழிச்சுத்தான் எழுதணுமாம்பா" என்றாள் மகள்.

கடைசியில் 'எதுவும் இல்லை' என்று எழுதினார்கள். அதுதான் உண்மையும்.

வீட்டைப் பார்க்க வியாழக்கிழமை பத்து மணிக்கு இரண்டு பேர் வருவார்கள் என்று கடிதம் வந்தது. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு. புதன்கிழமை முழுக்க இரண்டு பேரும் வீட்டைக் கழுவினோம். சுத்தியல், ஆணி டப்பா, பழைய பஞ்சு, ஸ்பிரிங் மூட்டை எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றி என் கட்டிலுக்கடியில் தள்ளினோம். வேலைக்கு வந்த சாமான்களை ஏற்ற முடியவில்லை. ஒயின் நிறத்தில் தோல் சோபா ஒன்று, வெல்வெட் போட்ட நாற்காலி ஆறு, சிங்கப்பாதம் செதுக்கிய கால்களோடு உயரமான முதுகு வைத்த பச்சை நாற்காலி ஒன்று. அவற்றைத் துடைத்து வட்டமாகப் போட்டோம்.

"வர்றவங்க உட்கார நல்லதா நாலு இடம் வேணாமா?" என்றாள். "வேணும்தான்" என்று நானும் ஒரு நாற்காலியை இழுத்துச் சரிசெய்தேன். உதவி கேட்கிற வீடு எப்படி இருக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆள் வந்தால் வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் தெரியும்.

கண்ணாடி போட்ட ஒரு அம்மாவும், பேசாத ஒரு மனிதரும் வந்தார்கள். வாசலிலேயே கண்ணாடிக்காரம்மா ஒரு கணம் நின்றார்.

"சோபா ரொம்ப நல்லா இருக்கே. எங்க வாங்கினது?"

"உட்காருங்கம்மா, டீ ஆறிடும்."

"இந்தப் பச்சை நாற்காலி?"

"அதுலயே உட்காருங்க. முதுகுக்கு இதமா இருக்கும்."

வேலைக்கு வந்தது என்று சொன்னால் அடுத்த கேள்வி யாருடையது என்றுதான் வரும் என்று அவள் பேச்சை மாற்றினாள்.

அவர் உட்கார்ந்தார். கைப்பிடியைத் தடவினார். குனிந்து கால்வரை பார்த்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். அந்த அம்மா ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்திருக்கலாம். எல்லாரும் இவளைப் போல இருப்பார்களா?

அடுத்த வாரம் கடிதம் வந்தது. 'குடும்பத்தின் வாழ்க்கை நிலை விண்ணப்பத்தில் கூறியுள்ள வருமானத்தோடு பொருந்தவில்லை.' உதவி இல்லை. கீழே தலைமையாசிரியரின் பெயரும் கையெழுத்தும். பத்து நாளுக்குள் நேரில் வந்து மறுபடி கேட்கலாம். இல்லாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். மகள் அதைச் சத்தமாக வாசித்து முடித்து, மடித்து உறைக்குள் வைத்துவிட்டு, மாடிப்படியின் கடைசிப் படியில் போய் உட்கார்ந்துகொண்டது. இவள் வாயிலிருந்த ஐந்து ஆணியையும் எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தாள். வாயில் ஆணியும் இல்லாமல் பேச்சும் இல்லாமல் அவளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"யாரோடதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுடி."

"அப்பா சட்டம் அத்தை."

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து நான் அந்தப் பச்சை நாற்காலியைக் கவிழ்த்தேன். நான் படித்தது நாலாம் வகுப்பு. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். வாசித்தேன். நம்பாமல் இன்னொரு தடவையும் வாசித்தேன். அடிப்பலகையில் இருந்தது அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரின் பெயர்!

ஈரத் தலையோடு வந்தவளைப் பிடித்து உலுக்கினேன். "அடி பாவி! உன் பொண்ணு படிப்பே இதுக்கு அடியில இருக்குடி!"

"உங்களை யாரு கவிழ்க்கச் சொன்னது?" என்று என்மேல் பாய்ந்தாள். "அவரு இந்த நாற்காலியை ரிப்பேருக்கு விடவே மாட்டாராம். அவரு வெளியூர் போனப்போ வீட்டம்மா ரகசியமா அனுப்பினாங்க. பித்தளை ஆணி வரலைன்னு இங்கயே கிடக்கு. நான் போய், 'சார், உங்க வீட்டம்மா உங்களுக்குத் தெரியாம'ன்னு ஆரம்பிக்கவா? நீங்களும் வாயைத் திறக்கக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணித் தொலைத்தேன்.

லாரிக்காரர் வண்டியோடு வெளியூரில். அதனால் பெரியவள் என்று நான் கூடப் போனேன். மகளும் வந்தாள். நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைமையாசிரியர், ஒரு பக்கம் கண்ணாடிக்காரம்மா, மறுபக்கம் கட்டண அதிகாரி. "உட்காருங்க" என்றார்கள். இவள் நாற்காலியைக் கவிழ்த்தாள். மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டது.

"பட்டை போயிடுச்சுங்க" என்றாள் இவள். "கனமா யாராவது உட்கார்ந்தா உள்ள போயிடுவாங்க." நிமிர்த்தி வைத்து ஓரமாக உட்கார்ந்தாள். அப்புறம் மடியிலிருந்த துணிமூட்டையைப் பிரித்து மேஜைமேல் பரப்பினாள். காந்தச் சுத்தியல், வளைந்த ஊசி, பட்டை இழுக்கிற கட்டை, கைப்பிடி தேய்ந்த கத்தரி.

"எங்க சொத்து இதுதாங்க. அன்னிக்கு நீங்க பாத்ததெல்லாம் வேலைக்கு வந்தது. நான் குஷன் வேலை செய்றவ. படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லைன்னு தையல்னு போட்டுட்டோம்."

"அப்படின்னா சொந்தக்காரங்க பேரைக் கொடுங்க, நாங்க கேட்டுக்கறோம்" என்றார் அதிகாரி.

"அதைச் சொல்ல முடியாதுங்க."

"உங்க பொண்ணோட நல்லதுக்குத்தாம்மா கேக்கறோம்."

"தெரியுதுங்க. நாளைக்கு உங்க வீட்டுச் சோபா எங்கிட்ட வந்தாலும் நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

மேஜைக்கடியில் அவள் தொடையைக் கிள்ளினேன். மரக்கட்டைபோல உட்கார்ந்திருந்தாள். செய்த சத்தியத்தை நினைத்து நானும் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அதிகாரி கோப்பை மூடினார். "ஆதாரம் இல்லாம நாங்க என்ன பண்றது?" மகள் எழுந்து நின்றுவிட்டது.

கண்ணாடிக்காரம்மா நல்ல மனுஷி. அவருக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு நிமிஷம் சார். நான் எழுதினதைப் படிச்சுடறேன். ஒயின் கலர் தோல் சோபா. வெல்வெட் நாற்காலி ஆறு. பச்சை நாற்காலி ஒண்ணு, சிங்கப்பாதக் கால். பின்னால இடது கால்ல ஒரு ஒட்டு..."

அதுவரை பேனாவை உருட்டிக்கொண்டிருந்த தலைமையாசிரியர் தலையைத் தூக்கினார். "என்ன ஒட்டு?"

"மர ஸ்கேல் துண்டு சார். உயரம் சரியாகறதுக்கு ஒட்டியிருக்கு. நம்பர்கூடத் தெரிஞ்சுது. ஏழு, எட்டு..."

"ஒன்பது" என்றார் தலைமையாசிரியர்.

கண்ணாடிக்காரம்மா தன் தாளைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஏழு, எட்டு, ஒன்பது. அந்த ஸ்கேல் என்னோடது. அறுத்து ஒட்டினதும் நான்தான். மூணு வாரமா நாற்காலியைக் காணோம்னு கேட்டா, பாலிஷுக்குப் போயிருக்குங்கறாங்க வீட்டுல." இவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அது என் நாற்காலியா?"

இவள் கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "நான் சொல்ல முடியாதுங்க."

முதலில் சிரித்தது அந்தப் பேசாத மனிதர். கதவோரத்தில் நின்றிருந்தார், அதுவரை நான் அவரைக் கவனிக்கவே இல்லை. பிறகு தலைமையாசிரியர் சிரித்த சிரிப்பில் மேஜைமேல் இருந்த வளைந்த ஊசி நழுவிக் கீழே விழுந்தது. சிரிப்பு அடங்கியதும் அவர் கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். "என் நாற்காலியை இவங்க சொத்துல சேர்த்து, இவங்க பொண்ணுக்கு உதவி வேண்டாம்னு நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

கண்ணாடிக்காரம்மா அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்தார். "இன்னிக்கு மத்தியானமே மறுபடி வர்றேன்மா. எதையும் ஒதுக்கி வைக்காதீங்க."

வந்தார். அதற்குள் என் கட்டிலுக்கடியிலிருந்து எல்லாம் கீழே இறங்கிவிட்டது. தோல் சோபாவின் குடலை உருவிப் போட்டு, ஆணியை உதட்டில் ஒதுக்கிக்கொண்டு அவள் வரவேற்றாள். உட்கார ஸ்பிரிங் மூட்டையைத்தான் காட்ட முடிந்தது. அவரும் உட்கார்ந்தார்.

ஒரு வாரத்தில் பதில். முழுக் கட்டணமும், பள்ளிப் படிப்பு முடிகிறவரை. மகள் அதை மூன்று தடவை வாசித்தது, மூன்றாவது தடவை எனக்காக மெதுவாக. லாரிக்காரருக்குப் போன் போட்டார்கள். சேதியைக் கேட்டதும் அவர் நடுரோட்டில் வண்டியின் ஹாரனை நீளமாக அடித்தார். அது போன் வழியாக எங்கள் தெரு முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று வெளியே ஓடிவந்தார். பச்சை நாற்காலி பித்தளை ஆணி மினுமினுக்க வீடு போய்ச் சேர்ந்தது. அதனுள்ளே கிடைத்த இரண்டு சாக்லெட் காகிதங்களையும் ஒரு மூக்குக்கண்ணாடியையும் உறையில் போட்டு அதன் முதுகில் குத்தி அனுப்பினாள். யாருக்கும் தெரியாமல் சாக்லெட் தின்றது யார் என்று அவள் என்னிடம் இன்னும் சொல்லவில்லை.

பள்ளி திறந்த முதல் நாள் பெற்றோர் வகுப்பறைவரை போகலாம் என்றார்கள். வரிசை வரிசையாகச் சின்ன மேஜைகள், நீல நாற்காலிகள். மகளுக்கு ஜன்னலோரம் மூன்றாவது இடம். லாரிக்காரர் துவைத்த சட்டையில் கதவருகே நின்று எல்லாரையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். மற்ற அம்மாக்கள் பிள்ளைகளின் தலையைக் கோதினார்கள். இவள் நேராக அந்த மூன்றாவது நாற்காலியிடம் போனாள். தூக்கினாள். கவிழ்த்தாள்.

"அம்மா, வேணாம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

கட்டைவிரலால் இரண்டு இடத்தில் அழுத்தினாள். காதுக்கு மேலே செருகியிருந்த சாக்பீஸை எடுத்து, அடிப்பலகையில் மகளின் பெயரை முழுசாக எழுதினாள். பிறகு நிமிர்த்தி வைத்து, கால் ஆடுகிறதா என்று ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள்.