காயாத அச்சு

பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? நான் பட்டது நடுப்பகலில். பங்குனி வெயிலில். காக்காய்கூட நிழல் தேடி ஒதுங்குகிற நேரத்தில். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. யாரையும் பயமுறுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். இதில் ஒரு வார்த்தை கூட்டவில்லை. சிலதைக் குறைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நடந்தது 1969இல். நாச்சியாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம், அங்கேதான் இன்னும் குடியிருக்கிறேன். என் பெயர் கல்யாணசுந்தரி. காரைக்குடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் வீட்டுக்காரர் உடையப்பனுக்கு நான் இரண்டாம் தாரம். மூத்தவள் பெயர் அழகி. காய்ச்சலில் செத்துப்போனாள் என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டார்கள். காய்ச்சல் யாருக்குத்தான் வராது என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

அந்த வருஷம் கண்மாய் அழியப் போவதாகத் தண்டோரா போட்டார்கள். வெளியூர் ஆட்களுக்குச் சொல்கிறேன். கண்மாயில் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் ஒரு நாள் குறிப்பார்கள். அன்றைக்கு ஊரே இறங்கி மீன் பிடிக்கலாம். அதைத்தான் கண்மாய் அழிவது என்போம். முந்தின இரண்டு வருஷமும் ஏனோ அழிவு வைக்கவில்லை. அதனால் ஊரே வலையும் கையுமாக அலைந்தது.

வீச்சு வலையின் விளிம்பில் ஈயக் குண்டு கட்ட வேண்டும். கனம் இருந்தால்தான் வலை தரையில் உட்காரும். பழைய குண்டுகளை உருக்கி வீட்டிலேயே வார்த்துக்கொள்வார்கள். அதிலும் என் வீட்டுக்காரர் குடும்பத்தில் ஒரு வழக்கம். குண்டு வார்ப்பதை அடுத்தவர் பார்த்துவிட்டால் வலையில் மீன் விழாதாம். அதனால் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு, சமையல்கட்டுக்குள் உட்கார்ந்து வார்ப்பார்கள். மீனுக்கு இருந்த மரியாதை மனுஷருக்கு இல்லை.

எனக்கு ஈயத்தைப் பற்றித் தெரியும். என் அண்ணன் மருது குழாய் பதிக்கிற வேலைக்குப் போனவன். இரும்புக் குழாய்களை இணைக்கிற இடத்தில் ஈயம் காய்ச்சி ஊற்றுவார்கள். அவன் முழங்காலுக்குக் கீழே காசு காசாகத் தழும்பு கிடக்கும். மழை நாளில் நனைந்த குழாயில் ஊற்றியதால் வந்தது. ஈயம் பார்க்கத்தான் சாது. ஒரு சொட்டு ஈரம் பட்டால் போதும், வெடித்துக்கொண்டு திரும்பி வரும். ஊற்றுகிற அச்சு எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். வெட்டவெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். அந்தப் புகை நெஞ்சுக்குள் போகக் கூடாது. சமைக்கிற சட்டியில் காய்ச்சக் கூடாது. பிள்ளைகளைக் கிட்டவே விடக் கூடாது. வேலை முடிந்ததும் கையைத் தேய்த்துக் கழுவாமல் சோற்றில் வைக்கக் கூடாது. இத்தனையும் அண்ணன் தழும்பைத் தடவிக்கொண்டே புலம்பக் கேட்டவை.

என் வீட்டுக்காரர் இதில் ஒன்றைக்கூடக் காதில் வாங்கவில்லை.

அழிவுக்கு நாலு நாள் முன்னால் பரணிலிருந்து அச்சை இறக்கினார். மாக்கல் அச்சு. ஒரு முழ நீளம், இரண்டு பாதி. சேர்த்துக் கட்டினால் மேலே துளை தெரியும். அதன் வழியாக ஈயத்தை ஊற்ற வேண்டும். நல்ல கனம். தூக்கும்போது என் கை சில்லிட்டது. பரணில் ஓட்டுச் சூட்டில் கிடந்த கல் எப்படிச் சில்லிடும் என்று அப்போது தோன்றவில்லை.

வாசலில் வெயிலில் வைத்தேன். சாயங்காலம் எடுக்கப் போனால் கல்லின் அடியில் மண் ஈரமாக இருந்தது.

நாய் மோண்டிருக்கும் என்று இடத்தை மாற்றி வைத்தேன். மறுநாளும் ஈரம். மூன்றாம் நாள் முறத்தில் வைத்துக் கூரை மேல் ஏற்றினேன். முறத்தின் அடி நனைந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். நாய் மூத்திரம் இல்லை. சேற்று வாடை.

அவரிடம் சொன்னேன். வேர்வைக் கையோடு தொட்டிருப்பாய் என்றார்.

நாலாம் நாள். வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே சண்டை. கொல்லையில் வைத்து வார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். முடியாது என்றார். நான் முறுக்குச் சுடுகிற இரும்புச் சட்டியை எடுத்து அதில் ஈயத்தைப் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிடப் பெரிய கவலை சாலா. எங்கள் மகள். எட்டு மாதம். சமையல்கட்டு உத்தரத்தில்தான் அவளுக்குச் சேலைத் தொட்டில் கட்டியிருந்தோம். அப்போதுதான் தூங்கியிருந்தாள்.

"பிள்ளையை அடுத்த வீட்டு பாத்திமுத்து அக்காகிட்ட விட்டுட்டு வாரேங்க" என்றேன்.

"எதுக்குன்னு அவ கேப்பா. நீ சொல்லுவே. ஊரே வந்து எட்டிப் பாக்கும். பத்து நிமிசத்துல என்னா, செத்தா போயிரும்?"

பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசிய பேச்சு இது. இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது. அப்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. புருஷன் பேச்சைத் தாண்டக் கூடாது என்று வளர்த்த வளர்ப்பு. நாசமாய்ப் போக.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஜன்னலைச் சாக்கால் மூடினார். வெளியே திருப்பத்தூர் பஸ் போகிற சத்தம் கேட்டது. அலமாரியில் இருந்த டைம்பீஸைப் பார்த்தேன். பதினொன்று நாற்பது.

அடுப்பு எரிந்தது. ஈயம் மெல்ல உட்கார்ந்தது. மேலே சாம்பல் நிறத்தில் ஆடை கட்டியது. புகை தொண்டையைப் பிடித்தது. நான் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு, தொட்டிலின் வாயை ஒரு துணியால் மூடினேன். வேறு என்ன செய்ய முடியும்?

அச்சைப் பிரித்தேன். உள்ளே ஒவ்வொரு குழியிலும் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது.

துடைத்தேன். அடுப்போரம் அனலில் வைத்தேன். பத்து நிமிஷம். மேல்புறம் கை வைக்க முடியாத சூடு. திறந்தால்... குழியில் தண்ணீர்.

மணி பன்னிரண்டு ஐந்து.

சொட்... சொட்...

எங்கேயோ தண்ணீர் சொட்டியது. மேலே பார்த்தேன். ஓட்டில் ஈரம் இல்லை. பானை ஒழுகவில்லை. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். கரண்டியைப் பிடித்த கை ஒரு கணம் நின்றது. பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

என் கண் தற்செயலாகக் கதவுப் பக்கம் போனது.

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. அதன் அடியிலிருந்து ஈரக் காலடி. ஒன்று... இரண்டு... மூன்று. பொம்பளைக் கால். நேராக வரவில்லை. சுவரைத் தடவித் தடவி நடந்த மாதிரி, சுவரோரமாகவே வந்தது. சுவரிலும் ஈரக் கைத்தடம்.

அச்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தது.

திரும்பிப் போன தடம் இல்லை.

அவர் எதையும் பார்க்காதவர் மாதிரி அச்சின் இரண்டு பாதியையும் சேர்த்துக் கம்பியால் கட்டினார். துணி சுற்றி என் முன்னால் நிறுத்தினார். கரண்டியில் ஈயத்தை மொண்டார்.

"அச்சைப் பிடி. நிரம்புதான்னு குனிஞ்சு பாரு."

"ஈரமா இருக்குங்க. வெடிக்கும்."

"குனிடி."

குனிந்தேன். ஆமாம், குனிந்தேன். துளைக்கு நேராக முகம்.

அப்போது என் நெற்றியில் ஒரு கை பட்டது.

குளிர்ந்த கை. நனைந்த கை. ஐந்து விரலும் தெரிந்தது. நெற்றியிலிருந்து கண் வரைக்கும் தடவியது. கண் தெரியாதவர்கள் ஆளைத் தடவிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. என் இரண்டு கண்ணையும் மெல்லத் தொட்டுப் பார்த்தது. பிறகு பின்னால் தள்ளியது.

சுவரில் போய் மோதினேன்.

"நான் பிடிக்க மாட்டேன்" என்று கத்தினேன். போடி என்று ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அச்சைத் தன் இரண்டு பாதத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, தானே ஊற்றினார்.

அவர் குனிய மாட்டார். ஊற்றுகிறவர் எப்போதும் முகத்தை விலக்கிக்கொள்வார். அவருக்கா தெரியாது?

ஆனால் குனிந்தார்.

அவர் பிடரியில் தண்ணீர் வழிந்தது. நான் பார்த்தேன். முடி நனைந்தது. யாரோ அமுக்குவது போல் தலை இறங்கியது... இறங்கியது...

துளைக்கு நேராக.

டப்.

பன்னிரண்டு பதினேழு.

அவர் அலறியதை எழுத மாட்டேன்.

ஓடிப்போய்த் தொட்டிலைப் பிடித்தேன்.

தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளே பிள்ளை இல்லை.

தாழ்ப்பாள் போட்டது போட்டபடி. ஜன்னலில் சாக்கு அப்படியே. தாழ்ப்பாளைத் திறக்கத் திறக்க என் கை வழுக்கியது. அதுவும் நனைந்திருந்தது. கதவைத் திறந்து கொல்லைக்கு ஓடினேன்.

வேப்பமரத்தடியில் சாலா தூங்கிக்கொண்டிருந்தாள். காற்று வருகிற பக்கம். வீட்டுப் புகை எட்டாத தூரம். எட்டு மாதப் பிள்ளை, தவழக்கூடப் பழகாதவள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. சட்டை மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது. கண்மாய்ச் சேற்று வாடை.

அலறலைக் கேட்டு முதலில் ஓடி வந்தது அடுத்த வீட்டு பாத்திமுத்து அக்காதான். உள்ளே எட்டிப் பார்த்ததும் அவர்கள் கேட்டது, என்ன ஆச்சு என்று அல்ல. "மறுபடியுமா?" என்றார்கள்.

அந்த நேரத்தில் அது எனக்குப் புத்தியில் ஏறவில்லை. மாட்டுவண்டியில் போட்டு மெயின் ரோட்டுக்கும், அங்கிருந்து வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போனோம். இரண்டு கண்ணிலும் ஈயம் போயிருந்தது. பார்வை வராது என்று அன்று ராத்திரியே டாக்டர் சொல்லிவிட்டார். முகத்தில் மூக்குக்கு மேலே முழுக்கக் கட்டு.

ஐந்தாம் நாள் பாத்திமுத்து அக்கா பார்க்க வந்தார்கள். வராந்தாவுக்குக் கூட்டிப் போய், மறுபடியுமா என்று ஏன் கேட்டீர்கள் என்றேன். வராந்தாவில் வேறு யாரும் இல்லையே என்று பார்த்தார்கள். பிறகு சொன்னார்கள்.

அழகி காய்ச்சலில் சாகவில்லை. மூன்று வருஷம் முன்னால் இதே பங்குனி, இதே சமையல்கட்டு, இதே அச்சு. முந்தின நாள் மழையில் நனைந்த கல். காயட்டும் என்று அவளும் சொல்லியிருக்கிறாள். நிரம்புதா என்று குனிந்து பார் என்றிருக்கிறார். குனிந்தாள். இரண்டு கண்ணும் போனது. எட்டு மாதம் சுவரைத் தடவித் தடவி அந்த வீட்டில் நடந்திருக்கிறாள். கார்த்திகையில் கண்மாய் நிறைந்தது. ஒரு நாள் உச்சிப் பொழுதில், தடவித் தடவிக் கரைக்குப் போய் இறங்கிவிட்டாள்.

"ஊருக்கே தெரியுமாக்கா?"

"தெரியும்த்தா. குடும்பத்து மானம்னு வாயை அடைச்சுட்டாக."

ஊருக்கே தெரிந்திருக்கிறது. நான் கழுத்தை நீட்டியபோது பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட அத்தனை பேருக்கும். இதை நினைத்தால் பேயின் மேல் எனக்குப் பயமே வருவதில்லை.

அக்கா கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்கள். சொல்லாமலே போயிருக்கலாம்.

"மிதக்கக் கூடாதுன்னு அந்த அச்சை வயித்துல வச்சுச் சேலையால கட்டிக்கிட்டுத்தான் எறங்கியிருக்கா. பொணத்தை எடுத்தவுக அவுத்துக் கரையில போட்டாக. உன் வீட்டுக்காரருதான் கழுவி வீட்டுக்குக் கொண்டு போனாரு."

நான் வார்டுக்குத் திரும்பினேன். கட்டில் பக்கத்தில் நின்றேன். மணி பன்னிரண்டு இருக்கும். அவர் விழித்திருந்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அந்தக் கல்லை ஏன் வீட்டுக்குக் கொண்டு வந்தீர்கள் என்று.

முகத்தை என் பக்கம் திருப்பினார். பிறகு சொன்னார்.

"நல்ல மாக்கல்லு. எறிய மனசு வரலை."

சொல்லும்போது கண்கட்டு நனைந்து ஒழுகியது. கன்னத்தில் இறங்கித் தலையணையில் சொட்டியது. சரி, ஒரு தடவையாவது அவளுக்காக அழுகிறாரே என்று நினைத்தேன். கோபத்தோடுதான், ஆனாலும் துடைத்துவிடக் குனிந்தேன்.

கண்மாய்ச் சேற்று வாடை அடித்தது.