என்ன சாப்பாடு என்று முதலில் கேட்டவர்

தொலைபேசி வந்தபோது நான் ஆய்வுக்கூடத்தில் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரி மாதத்துக் காலை. ஜன்னலுக்கு வெளியே மூன்று நாள் பழைய பனி கறுத்துப்போய்க் கிடந்தது. தாழ்வாரத்தில் தொலைபேசியை எடுத்த உதவியாளர், "உங்கள் சகோதரரைப் பற்றி" என்று என்னைக் கூப்பிட்டார். எனக்கு உடன்பிறந்தது இரண்டு தங்கைகள் மட்டும்தான். மறுமுனையில் ஒரு தாதி, உங்கள் சகோதரர் இன்று காலை காலமாகிவிட்டார், அவருடைய பொருள்களைப் பெற்றுக்கொள்ள எப்போது வருவீர்கள் என்று கேட்டார். அவர் பெயரைச் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. மருத்துவமனைப் படிவத்தில் நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, பக்கத்தில் சகோதரர் என்று போட்டிருக்கிறார் சூசைமரியான். இரண்டு நாளுக்கு முன் தாம் வேலை பார்த்த சரக்குக் கிட்டங்கியில் மயங்கி விழுந்தவர், எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம் என்று தடுத்துவிட்டாராம். "அவருக்கு வேலை இருக்கும்" என்றாராம்.

உண்மையைச் சொன்னால், முதலில் வந்தது துக்கமல்ல, களைப்பு. இனி எத்தனை அலுவலகம், எத்தனை படிவம், ஊருக்கு என்ன எழுதுவது, யாருக்கு எழுதுவது என்றுதான் மனம் ஓடியது. துக்கம் மாலையில் டிராமில் வந்தது. இதை அவரிடம் சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்.

மியூனிக் தமிழர்களான நம்மில் பெரும்பாலோருக்கு அவரை டிசம்பர் மாதத்தில்தான் தெரியும். வீட்டுக்கு ஜெர்மன்காரர்களை விருந்துக்கு அழைத்துவிட்டு, என்ன ஒயின் வைப்பது என்று விழித்துக்கொண்டு நிற்கும்போது அவரைத்தான் தேடிப் போவோம். சரக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால், இத்தாலிய ஒயின் இறக்குமதி செய்கிறவரின் கிட்டங்கியில் இருபத்திரண்டு ஆண்டு வேலை பார்த்தார். ஆல்ப்ஸ் மலை தாண்டி வரும் பெட்டிகளை இறக்கி, ஊர் வாரியாக அடுக்கி, முன்பக்கத்துக் கடையிலும் நிற்பார். "டிசம்பர் வந்தா எல்லாருக்கும் பண்டிகை, எனக்கு முதுகுவலி" என்பார். அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை என்பதை அவர் குனிந்து நிமிர்வதைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

நான் அவரைச் சந்தித்தது 1964 கிறிஸ்துமஸுக்கு முன். பேராசிரியர் வீட்டுக்கு ஒரு புட்டி ஒயின் எடுத்துப் போக வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். நான் மீனும் தொடாத திருநெல்வேலிச் சைவ வீட்டுப் பிள்ளை. அந்தக் கடையில் வைக்கோல் பின்னிய கியாந்தி ஒயின் புட்டிகளுக்கு முன்னால் நின்று, "என்ன எழவுடே இது" என்று முணுமுணுத்திருக்கிறேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"திருநவேலியாவே?"

திரும்பினால், நீலக் கிட்டங்கிச் சட்டையில், கையில் பெட்டியோடு ஒரு கறுத்த, மெலிந்த மனிதர். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"அங்க என்ன சாப்பாடு?"

"தெரியாதே."

"தெரியாம எப்படிவே ஒயினு வாங்குவீரு? குழம்பு என்னன்னு தெரியாம தொட்டுக்க வைக்க முடியுமா? போய்க் கேட்டுட்டு வாரும்."

கடைத் தொலைபேசியிலேயே பேராசிரியரின் மனைவியிடம் கேட்க வைத்தார். மான் இறைச்சி என்றாள். சூசை வைக்கோல் புட்டிகளைத் தாண்டிப் போய், உள்ளிருந்து வேறொன்றைக் கொண்டுவந்தார். பின்னாளில் எத்தனை பேர் போய் நின்றாலும் அவர் கேட்ட முதல் கேள்வி அதுவாகவே இருந்தது. புட்டியின் பெயரையும் புகழையும் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அவர் இந்த நாட்டுக்கு வந்த கதையை நான் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அறிந்தேன். கத்தோலிக்கச் சாமியாராவதற்காக ஊர்த் தேவாலயப் பங்குக்காரர்கள் அவரை ரோமுக்கு அனுப்பியிருந்தார்கள். குருப்பட்டம் வாங்க ஓராண்டு இருக்கும்போது, 1956இல், குருமடத்தை விட்டு வெளியேறினார். ஏன் என்று கேட்டேன். "முடியலைவே" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. இத்தாலிய மொழி தெரிந்ததால் ஒரு லாரிக்காரர் மலைக்கு இப்பால் கொண்டுவந்து இந்தக் கிட்டங்கியில் சேர்த்துவிட்டார்.

1967 டிசம்பரில் என் வேலை ஒப்பந்தம் முடிகிற நேரம். நீட்டிப்பது பேராசிரியரின் கையில் இருந்தது. அவரையும் மனைவியையும் இன்னும் இரண்டு பேரையும் விருந்துக்கு அழைத்துவிட்டேன். ஜெர்மன்காரர்கள் கிறிஸ்துமஸுக்குச் சுடுகிற பெரிய வாத்தைச் சுடாமல் விருந்து ஆகாது. என் மனைவி மங்களம் அந்த வாத்தைப் பார்த்துவிட்டுச் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். சூசை விடுப்பு எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்தார். வாத்தை அவரே கழுவி, உப்புத் தடவி, அடுப்பில் ஏற்றினார்.

"அண்ணாச்சி, இதுக்கு எந்த ஒயின்னு எப்படிக் கண்டுபிடிக்கீங்க?" என்று மங்களம் கேட்டாள்.

"தங்கச்சி, கொழுப்பா இருக்குத மீனுக்குப் புளியைக் கூடக் கரைச்சு ஊத்துவாங்க எங்க வீட்ல. ஏன்? இல்லைன்னா ரெண்டு வாய்க்கு மேல திங்க முடியாது, திகட்டிரும். இந்த வாத்து பூரா நெய்யி. இதுக்குப் புளிப்புள்ள ஒயினு வேணும். இத்தாலிக்கு வடக்க பீட்மாண்டுல பார்பெரான்னு ஒண்ணு போடுதாங்க. நம்ம புளிக்குழம்பு மாதிரி நாக்கைக் கழுவி விட்டுரும். அதே ஊர்ல பெரிய பேரு எடுத்தது பரோலோ. விலையும் பெருசு. அதை வாங்கி வச்சா உங்க வீட்டுக்காரருக்குப் பெருமை, வாத்துக்குச் சங்கடம்."

மங்களம் சுட்ட பருப்பு வடைக்கு வெரோனாப் பக்கத்து வெள்ளை ஒயின். கிராம்பும் ஆப்பிளும் போட்ட சிவப்பு முட்டைக்கோஸையும் உருளைக்கிழங்கு உருண்டையையும் வாத்தோடு சேர்த்து அந்த பார்பெராவே பார்த்துக்கொள்ளும் என்றார். கடைசியில் சர்க்கரைத் தூள் போர்த்திய ஸ்டோலன் கேக்குக்கு டஸ்கனியின் இனிப்பு ஒயின். வின் சாந்தோ, புனித ஒயின் என்று பெயர். "இது பேருல மட்டும்தான் சாமி" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் அன்று எனக்குத் தெரியாது.

விருந்து முழுவதும் அவர் நின்றுகொண்டே ஊற்றினார். உட்காரச் சொன்னேன். "நான் உக்காந்தா ஊத்துதது யாரு?" என்றார். பேராசிரியர் இரண்டு முறை வாத்து வாங்கிச் சாப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது. கிளம்பும்போது அவர் மனைவி என்னிடம், "எங்கே பிடித்தீர்கள் இந்தப் பரிசாரகரை? நாங்களும் அழைத்துக்கொள்கிறோம்" என்றாள். சூசை இரண்டடி தூரத்தில் அவளுடைய மேல்கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் என் நண்பர் என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். நான் சொல்லவில்லை. சிரித்தேன். ஒப்பந்தம் நீண்டது.

அன்று கோட்டைப் பிடித்து நின்றவர் என் நண்பர் என்று அந்த அம்மையாருக்குப் போன வாரம்தான் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

மறுநாள் கிட்டங்கிக்குப் போய் அவர் முன் நின்றேன். பெட்டிகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"விடும். நான் பதினோரு வருசமா யாருன்னு சொல்லாமத்தான் இருக்கேன். நீரு ஒரு நாள் சொல்லலை. அவ்வளவுதானே."

அப்போதுதான் சொன்னார். ஊரில் அவருடைய அம்மா, மகன் ஜெர்மனியில் பங்குச் சாமியாராக இருக்கிறான் என்றே நம்பிக்கொண்டிருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். மாதம் ஒரு கடிதம் எழுதுவார்; பூசை, பாவசங்கீர்த்தனம், குளிர் என்று இல்லாத ஒரு பங்கைப் பற்றி. குருவாக இருக்கும் தாய்மாமன் அதைப் படித்துக் காட்டி, அவள் சொல்லும் பதிலை எழுதி அனுப்புவார். "நிறுத்தணும்னுதான் நினைக்கேன். ஒவ்வொரு மாசமும் அடுத்த மாசம்னு போயிருது" என்றார். அன்று அவருக்கு முப்பத்தாறு வயது. ஐம்பது போலத் தெரிந்தார்.

1972இல் அந்தத் தாய்மாமன் தம் கோயிலுக்குக் கூரை போட உதவி கேட்டு ஜெர்மனிக்கு வந்தார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மருமகனைப் பார்க்க வருவதாகக் கடிதம். சூசை அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். தங்கியிருந்த ஒற்றை அறைக்கு மாமனை அழைக்க முடியாது. எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு என்று முடிவாயிற்று.

நான்கு நாள் யோசித்தார். மாமன் கடற்கரைக்காரர், மீன் இல்லாமல் சோறு இறங்காது. பண்டிகைக்கு இங்கே கிடைப்பது குளத்துக் கெண்டை. மண்வாசம் அடிக்கும். எலுமிச்சை பிழிந்து, மிளகு அரைத்துப் பூசிப் பொரித்தார். அதற்கு இத்தாலியில் லிகூரியாக் கடற்கரையின் வெர்மெந்தினோ என்ற வெள்ளை ஒயினை எடுத்து வைத்தார். "அதுவும் மீன்பிடிக்காரங்க ஊரு. உப்புக் காத்துல வெளைஞ்சது. குளத்து மீனைக் கடல் மீனாக்கிரும்" என்றார். அவ்வளவு கவனமாக எல்லாவற்றையும் செய்தவர், கடைசியில் போய் சாமியார்கள் போடும் ஒரு கறுப்பு அங்கி இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். மங்களம் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மாமன் குள்ளமான மனிதர். கம்பளித் தொப்பியைக் கழற்றவே இல்லை. மீனைத் தின்றார், ஒயினைக் குடித்தார், கோயில் கூரையைப் பற்றிப் பேசினார். சூசை பக்கத்தில் நின்று ஊற்றிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. இரண்டாவது குவளைக்குப் புட்டியைச் சாய்த்தபோது மாமன் குவளையைக் கையால் மூடினார்.

"அந்த அங்கியைக் கழத்துலே. வேக்குது உனக்கு."

சூசை புட்டியை நிமிர்த்திப் பிடித்தார்.

"உங்க அம்மைக்குத் தெரியும்லே."

"என்ன தெரியும் மாமா?"

"நீ வெளிய வந்த மாசமே குருமடத்துல இருந்து எனக்குக் கடுதாசி வந்துட்டு. நான்தான் படிச்சுச் சொன்னேன். ஒரு நா முழுக்க அழுதா. மறுநா எந்திரிச்சு, அவனா சொல்லுத வரைக்கும் யாரும் கேக்கப்பிடாதுன்னுட்டா. பதினாறு வருசமா உன் கடுதாசியைக் கேட்டுட்டு, பாவம் எவ்வளவு யோசிச்சு எழுதுதான்னு சொல்லுவா."

புட்டியை மேசையில் வைத்துவிட்டு சூசை உட்கார்ந்தார். எங்கள் வீட்டு விருந்துகளில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. "என்ன சொல்லி அனுப்பினா?" என்று கேட்டார்.

"என்னத்தச் சொல்லுவா. குளிர்ல என்ன திங்கான்னு பாத்துட்டு வாங்கன்னா."

மங்களம் அவருக்கு ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தாள். மீனைத் தொடாதவள், தன் கையால் அந்த மீனை எடுத்துப் பரிமாறினாள்.

அடுத்த கோடையில் சூசை ஊருக்குப் போனார். ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தவரிடம் அம்மா என்ன கேட்டாள் என்றேன்.

"ஒண்ணும் கேக்கலைவே. போன மறுநாள் காலையில பையைக் கையில குடுத்து, கடற்கரையில போய் மீன் வாங்கிட்டு வான்னா."

இரண்டு ஆண்டுக்குப் பின் அவள் இறந்தபோது அவரால் போக முடியவில்லை. டிசம்பர் மாதம். கிட்டங்கியில் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. அதன் பிறகு அவர் அதிகம் பேசியதில்லை. கடையில் நின்று, என்ன சாப்பாடு என்று கேட்பார். புட்டியை எடுத்துக் கொடுப்பார். முதுகைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார். அவருடைய அடக்கத்தில் ஒன்பது பேர்தான் இருந்தோம். ஐந்து பேர் அவரோடு பெட்டி தூக்கிய இத்தாலியர்கள். அவர்கள்தான் அதிகம் அழுதார்கள்.

போன கிறிஸ்துமஸ் அன்று மதியம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மங்களம் பிள்ளைகளோடு ஊருக்குப் போயிருந்தாள். எனக்கு அந்த ஆண்டு முழுவதும் வேலையில் இழுபறி, தூக்கம் இல்லை. சட்டை மாற்றக்கூட எழுந்திருக்காமல் நாற்காலியில் கிடந்தவன், அவரைக் கண்டதும் எழுந்து சிரித்து, வாங்க வாங்க என்று ஆரம்பித்தேன்.

"சிரிக்காதேயும்" என்றார். "களைச்சிருந்தா களைச்சிருக்கேன்னு சொல்லும். நானும் அப்படித்தான் வந்திருக்கேன்."

பருப்பு வைத்தார், சோறு வடித்தார். கொண்டுவந்த ஒயினைத் திறக்கவில்லை. இன்றைக்கு வேண்டாம் என்று ஓரமாக வைத்துவிட்டார். தண்ணீர் குடித்துக்கொண்டு, வெளிச்சம் போகும்வரை ஒரு வார்த்தையும் பேசாமல் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். போகும்போது தட்டுகளை அப்படியே போட்டுவிடச் சொன்னார்.

அவரிடமிருந்து ஒயின்களின் பெயரை நான் அரைகுறையாகத்தான் கற்றேன். பாதி மறந்தும்விட்டது. வைத்துக்கொண்டிருப்பது அந்த மதியத்தை. இப்போதெல்லாம் வீட்டுக்கு யாராவது வந்தால், முடியாத நாளில், இன்றைக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறேன் என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்தவர்கள் ஒரு கணம் திகைக்கிறார்கள். பிறகு காலணியைக் கழற்றிவிட்டு, தாங்களும் அப்படித்தான் என்று சொல்லி உள்ளே வந்து உட்காருகிறார்கள்.