பெயர்ப்பலகை வேண்டாத திடல்

லூமுட் துறைமுகத்திலிருந்து வந்த பழைய சங்கிலிகளை ஈப்போவில் என் இரும்புக் கடையில் எடைபோட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. ஆரோக்கியம் அக்கா காலையில் தவறிவிட்டார். தராசை அப்படியே விட்டுவிட்டு அவர் வாழ்ந்த ரப்பர் தோட்டத்துக்குப் புறப்பட்டேன்.

எழுபதுகளில் அவரை முதலில் பார்த்ததும் இதே இரும்புக் கடையில்தான். விளையாட இடமில்லாமல் சாலையில் பந்து விரட்டிய அவர் மகன் செல்வம் லாரியில் அடிபட்டு இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "அண்ணே, தோட்டத்துல ஊஞ்சல் கட்டணும். குழாய் இருக்கா?" என்றார். மூடிப்போன ரப்பர் ஆலையின் குழாய்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். "துருப்பிடிச்சத எம் புள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க லா." அவருக்கு இருந்தது அந்த ஒரே பிள்ளை.

தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு எதிரே இருந்த திடலில் ஊஞ்சலும் சறுக்குமரமும் எழுந்தன. என் பங்குக்குச் செல்வத்தின் பெயரும் படமும் போட்ட பலகை செய்து கொடுத்தேன். வந்தது வினை. ஒருவர் மாலை போட்டார், ஒருவர் சூடம் ஏற்றினார், மாதா கோயில் ஆட்கள் மெழுகுவர்த்தி வைத்தார்கள். உள்ளே போகச் செருப்பைக் கழற்றினார்கள். பிள்ளைகள் ஊஞ்சலைத் தொட்டால், "ஏய், செத்த புள்ள இடம்லா, இறங்கு!" என்று அதட்டல். பிள்ளைகள் மறுபடி சாலைக்கே போனார்கள்.

அக்கா ஒருநாள் பலகையைக் கழற்றினார். "பேரு இல்லாட்டி அவன யாரு நெனைப்பாங்க, அக்கா?" என்று தடுத்தேன்.

"நெனைக்க நான் இருக்கேன். இவங்க ஆடட்டும்."

சேலையைச் செருகிக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்தார். கனத்த உடம்பு. "தவ்கே, தாங்குமா? நீங்க வித்த சாமான்லா!" என்றார், முதலாளி என்று என்னைக் கேலியாக அழைத்து. சாலையில் நின்ற பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடிவந்து அவரைத் தள்ளினார்கள். அன்றிலிருந்து ஊஞ்சல் ஓயவில்லை.

பிறகொரு முறை, கிறீச்சிட்ட கொக்கிக்கு எண்ணெய் போடப் போனேன். அக்கா தடுத்தார். "விடுங்கண்ணே. அடுப்படியிலிருந்தே கேக்குது. சத்தம் வந்தா புள்ளைங்க சாலையில இல்லன்னு அர்த்தம்."

அடக்கம் முடிந்ததும், திடலுக்கு எதிரே குடியிருக்கும் நீங்கள் எல்லாரும் என்னிடம் வந்து, அக்கா படத்தோடு அங்கே ஒரு பலகை வேண்டும் என்றீர்கள். நான் வியாபாரி, தேடி வந்த வேலையை விட்டதில்லை. இதை மட்டும் செய்யமாட்டேன். குழாய் தேய்ந்தால் சொல்லுங்கள், நானே வந்து மாற்றுகிறேன்.

நாம் பேசும்போதே பின்னால் ஊஞ்சல் கிறீச்சிட்டது. துக்க நாளில் ஆட்டமா என்று உங்களில் ஒருவர் கையை ஓங்கினார். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டது நினைவிருக்கும். அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தச் சத்தம்தான். கொக்கிக்கு எண்ணெய் போடாதீர்கள்.