அம்மாவிடம் சம்மதம் வாங்கப் பாரிஸுக்குப் போனேன்

பாரிஸ் எப்படி என்று மூன்று பேரிடம் கேட்டேன். கலிஃபோர்னியா டப்ளினில் இருக்கும் கல்லூரித் தோழி, "சுத்த ஓவர்ரேட்டட் டி. கூட்டம், பிக்பாக்கெட், எங்க போனாலும் லைன். அந்தக் காசுக்கு ஹவாய் போயிட்டு வா" என்றாள். டெக்சாஸ் கேட்டியில் இருக்கும் சித்தி மகன், "சொர்க்கம்க்கா! ஒரு வாரமாச்சும் ஸ்டே பண்ணுங்க" என்றான். ஒன்பது வருடங்களுக்கு முன்பு என்னோடு அங்கே வந்த என் கணவருக்கோ மழை பெய்ததும் கால் வலித்ததும் மட்டும்தான் நினைவிருக்கிறது. ஆளுக்கொரு பாரிஸ். நான் இந்த முறை ஊர் பார்க்கப் போகவில்லை. அம்மாவிடமிருந்து ஒரு "சரி" வாங்கப் போனேன். உங்களில் சிலர் இதே வேலையாகக் கிளம்பக்கூடும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

நாங்கள் இருப்பது நியூஜெர்சி பிரிட்ஜ்வாட்டரில். அம்மா ஈரோட்டில் தனியாக இருக்கிறாள். அறுபத்தெட்டு வயது. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது, நான் ஒரே பெண். சிட்டிசன்ஷிப் வாங்கிய கையோடு அம்மாவின் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தேன். அது ஆமை வேகத்தில் நகர்ந்து மும்பையில் நேர்முகம் என்று தேதி குறிக்கும் வரை வந்துவிட்டது. அம்மா மட்டும் ஃபோனில் "பாக்கலாம் அம்மிணி" என்பதைத் தாண்டவே இல்லை. எங்கள் பக்கத்தில் "பாக்கலாம்" என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா?

அந்தச் சமயத்தில்தான், கோவையிலிருந்து கிளம்பும் பன்னிரண்டு நாள் ஐரோப்பாச் சுற்றுலாவில் சேர்ந்திருப்பதாக அம்மா சொன்னாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கூட யாரும்மா வர்றாங்க?" என்றேன். "நாப்பது பேரு வர்றாங்க. சமையல்காரரு வேற வர்றாரு. கூட ஆருன்னு கேக்கற?" என்றாள். அதில் பாரிஸில் இரண்டு நாள். நேரில் உட்கார வைத்துப் பேசினால் மனம் மாறிவிடுவாள் என்று நினைத்தேன். நான்கு நாள் விடுப்பு எடுத்து டிக்கெட் போட்டுவிட்டேன்.

நியூவார்க்கிலிருந்து இரவு விமானம், ஏழரை மணி நேரம். மே மாத நடுவில் போக வர 640 டாலர் ஆனது. பாரிஸ் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் டாக்ஸிக்கு நிர்ணயித்த கட்டணம்தான்: நான் போனபோது ஆற்றின் வலது கரைக்கு 56 யூரோ, இடது கரைக்கு 65. அதற்கு மேல் கேட்டால் ஏறாதீர்கள். என் ஹோட்டல் இடது கரையில், ஈபிள் கோபுரத்திலிருந்து பத்து நிமிட நடை. டாக்ஸி ஓட்டியவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா தமிழோ?" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். ஊர் எப்படி என்று அவரிடமும் கேட்டேன். "எனக்கு இந்த ஊர் எண்டால் ட்ராஃபிக்தான் அக்கா. வந்து இருபது வருஷத்துக்கு மேல. அந்தக் கோபுரத்தில நான் இன்னும் ஏறேல்லை" என்றார். நாலாவது பாரிஸ்.

மதியம் மூன்று மணிக்குக் கோபுரத்தின் அடியில் அம்மாவின் குழுவைப் பிடித்தேன். காட்டன் புடவை, வெள்ளை ஸ்னீக்கர்ஸ், தலையில் சுற்றுலா நிறுவனத்தின் மஞ்சள் தொப்பி, கழுத்தில் அட்டை. கட்டிப் பிடித்தபோது முன்பைவிட இளைத்திருந்தது கைக்குத் தெரிந்தது. குழுவினர் பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே புளிசாதமும் தயிர்சாதமும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். திருப்பூர் அங்கிள் ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நம்மூரு கரண்டு டவராட்டத்தான் இருக்குதுங்க. கொஞ்சம் பெருசு" என்று தீர்ப்புச் சொன்னார். அம்மா சிரித்தாள்.

குழு மறுநாள் டிஸ்னிலேண்டுக்குப் போவதாகத் திட்டம். அம்மாவுக்கு அதில் விருப்பமில்லை. மறுநாள் இரவுச் சாப்பாட்டுக்குள் திரும்பக் கொண்டுவந்து விடுவதாகச் சுற்றுலா மேலாளரிடம் சொல்லிவிட்டு, அம்மாவை என் ஹோட்டலுக்கு அழைத்து வந்தேன்.

இரண்டாம் நாளுக்கு என்னிடம் அரைமணி வாரியாகத் திட்டம் இருந்தது. காலையில் வெற்றி வளைவு, மதியம் ஒரு நல்ல சைவ உணவகம், அங்கே வைத்து விஷயத்தை எடுப்பது. மெட்ரோ டிக்கெட் ஆளுக்கு இரண்டரை யூரோ, இரண்டையும் நானே வைத்துக்கொண்டேன். படியேறும்போது அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். "பாத்து, பாத்து. நீ என் பின்னாடியே வா" என்று காலையிலிருந்து எத்தனை முறை சொன்னேனோ தெரியாது.

பீர் ஹக்கீம் என்ற நிலையத்தில் ஆறாம் எண் ரயிலுக்கு நின்றோம். ரயில் வந்தது, கதவு திறந்தது. உள்ளே இரண்டு இருக்கை காலி. ஈரோடு பஸ் நிலையத்தில் ஐம்பது வருடம் பழகிய உடம்பு சும்மா இருக்குமா? எனக்கு முன்னால் அம்மா பாய்ந்து ஏறி, ஒன்றில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் பையைப் போட்டு எனக்கு இடம் பிடித்தாள். எனக்கும் கதவுக்கும் நடுவில் தள்ளுவண்டியோடு ஒரு பெண் இறங்கிக்கொண்டிருந்தாள். ஹாரன் அடித்தது. கதவு மூடிக்கொண்டது. பையின் மேல் கையை வைத்தபடி அம்மா என்னைத் திரும்பிப் பார்த்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ரயில் ஆற்றுப் பாலத்தின் மேல் போய்விட்டது.

அம்மாவின் ஃபோன் வைஃபை இருந்தால்தான் வேலை செய்யும். கையில் டிக்கெட் இல்லை. ஹோட்டல் பெயர் தெரியாது. ஆங்கிலம் படிப்பாள், பேசக் கூச்சப்படுவாள். தொலைந்தால் என்ன செய்வது என்று நான் சொல்லி வைக்கவே இல்லை, என் பின்னால்தானே வரப்போகிறாள் என்று. அடுத்த ரயிலில் ஏறி அடுத்த நிலையத்தில் இறங்கினேன். இல்லை. அதற்கடுத்த ட்ரோக்கடெரோவிலும் இல்லை. அங்கிருந்த ஊழியரிடம் முந்தைய நாள் எடுத்த படத்தைக் காட்டினேன். அவர் பொறுமையாக மற்ற நிலையங்களுக்கு ஃபோன் செய்தார். கடைசி நிலையம் வரை போனேன், அங்கும் இல்லை. ஈரோட்டில் இத்தனை நாள் பத்திரமாக இருந்தவளை நான் வந்து தொலைத்துவிட்டேனே என்று அந்தப் படிக்கட்டில் நின்று வாய்விட்டு அழுதேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு, வேறு வழி தெரியாமல் முதல் நிலையத்துக்கே திரும்பினேன். நடைமேடை பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"எங்கம்மா போன? பைத்தியம் மாதிரி ஓடிட்டு இருக்கேன்!"

"கத்தாத, உக்காரு. ரயிலு ஆத்து மேல போச்சு அம்மிணி. கடைசி ஸ்டேசன்ல எல்லாரும் எறங்குனாங்க, நான் எறங்கல. மறுபக்கம் கதவு தொறந்து வேற ஆளுக ஏறுனாங்க. போன வண்டி வந்துதான ஆவோணும்? வந்துச்சு. இங்க எறங்கிப் பாத்தா உன்னக் காணோம்."

"அப்பறம்?"

"கொஞ்ச நேரம் பாத்தேன். அப்பறம் இன்னொருக்கா போயிட்டு வந்தேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. "இன்னொருக்கான்னா? என்னத் தேடியா?"

"இல்ல. சும்மாத்தான். அந்தப் பாலம் நல்லா இருந்துச்சு."

நான் அழுதுகொண்டு ஓடிய நேரத்தில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து ஆறு பார்த்திருக்கிறாள். அம்மா தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டுப் பேசினாள்.

"உங்கப்பா போனதுல இருந்து நான் வாசக் கேட்டத் தொறந்தா போதும். எங்க போறீங்க, ஒத்தையிலயா, இந்த வெய்யில்லயான்னு நாலு பேரு கேக்கறாங்க. நல்ல மனசுலதான் கேக்கறாங்க, குத்தம் சொல்லல. இன்னிக்கு அந்த வண்டியில ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. அப்பறம் அது போயிருச்சு."

மூழ்குகிறவளுக்குத் துரும்பு கிடைத்த மாதிரி அதைப் பிடித்துக்கொண்டேன். "அமெரிக்காவுலயும் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கம்மா."

"கேக்க மாட்டாங்க. ஆனா ஆராச்சும் கார் எடுத்தாத்தான் நான் வாசலத் தாண்ட முடியும். உம்பையன் பொறந்தப்ப அங்க ஆறு மாசம் இருந்தேனல்ல? ஞாயித்துக்கெழமை மாப்ள கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவாரு. மிச்ச ஆறு நாளும் ஜன்னலு."

"நான் பாத்துக்கறேன்மா உன்ன."

"பாத்துக்குவ. நல்லாத்தான் பாத்துக்குவ. காலையில இருந்து பாத்துட்டுத்தான இருக்க."

அதில் குத்தல் இல்லை. என் கையைத் தட்டிக் கொடுத்தபடிதான் சொன்னாள். நான் கடைசியாக, கேட்கக் கூடாது என்று மூன்று வருடமாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"நீ வந்து சேர ரெண்டு நாளாவும். தெரியும் அம்மிணி. அந்த ரெண்டு நாளுக்குப் பயந்துட்டு, இருக்கற நாளெல்லாம் ஜன்னலுக்கிட்ட உக்கார முடியுமா? மும்பைக்கு நான் போவல."

அவ்வளவுதான், முடிந்தது. ஜன்னலைப் பற்றி அவள் சொன்னது நிஜம். எங்கள் வீட்டிலிருந்து பக்கத்துக் கடை இரண்டரை மைல். பெரிய சாலையில் நடைபாதை கிடையாது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பதைவிட, நான் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதற்காகத்தான் அவளை அமெரிக்காவுக்குக் கூப்பிட்டேனோ என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. இன்னும் அப்படித்தான் தோன்றுகிறது.

வெற்றி வளைவுக்கும் போகவில்லை, சைவ உணவகத்துக்கும் போகவில்லை. அம்மா அந்தப் பாலத்தை நடந்து கடக்க வேண்டும் என்றாள். ரயில் மேலே போகும், கீழே நடக்கலாம், காசு கிடையாது. நான் நான்கடி பின்னால் நடந்தேன். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய், ஒரு கடையில் ரொட்டி வாங்கினாள். விரலால் காட்டி, எண்ணிக் காசு கொடுத்து, மீதி வாங்கினாள். ஆறு மணிக்கு டாக்ஸி பிடித்து முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த குழுவின் ஹோட்டலில் விட்டேன். திருப்பூர் அங்கிள் வாசலிலேயே, "அம்மாளத் தொலைக்காமக் கொண்டாந்துட்டீங்களே" என்று சிரித்தார். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பெற்றோரை அங்கே சந்திக்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சுற்றுலா நிறுவனங்கள் பெரும்பாலும் நகருக்கு வெளியேதான் தங்க வைப்பார்கள், டாக்ஸிக்குத் தனியாக ஒதுக்கி வையுங்கள். அவர்களுக்கென்று ஒரு உள்ளூர் சிம் வாங்கிப் போட்டு, ஹோட்டல் முகவரியை எழுதிக் கையில் கொடுங்கள். மெட்ரோ டிக்கெட்டை அவரவரிடமே விடுங்கள், பரிசோதகர் கேட்டால் அபராதம். இடம் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், கேட்பார்களா தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும்.

மும்பை நேர்முகத் தேதி போன மாதம் வந்து போய்விட்டது. அன்று அலுவலகத்தில் ஒரு மீட்டிங்கின் நடுவே எழுந்து, பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். அம்மா சொன்ன அந்த இரண்டு நாள் எனக்கு இப்போது மனப்பாடம். நியூவார்க், நடுவில் ஒரு விமான நிலையம், கோவை, அங்கிருந்து காரில் ஈரோடு. எப்படிப் போட்டுப் பார்த்தாலும் குறையவில்லை. அது ஒருநாள் வரும், அப்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். தெரிந்தேதான் அம்மா வரவில்லை என்றாள். தெரிந்தேதான் நானும் விட்டுவிட்டேன்.

பாரிஸ் எப்படி என்று நீங்கள் என்னைக் கேட்டால், எனக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை. இனிப் பிடிக்கப் போவதுமில்லை. அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. முடிந்தால் உங்கள் அம்மாவை ஒரு முறை அழைத்துப் போங்கள்.