காத்தாயிக்கு வைத்த சோறு

லெட்சுமிக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. தன் வீட்டுப் பின்பக்கத்துக் கரட் பாத்திக்கு ஒரு காக்கை வரவேண்டும். மயில் கேட்கவில்லை, கிளி கேட்கவில்லை. ஊரெல்லாம் கல்லெறிந்து விரட்டுகிற காக்கையைத்தான் கேட்டாள். ஆனால் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில், காட்டை ஒட்டிய அந்தக் கடைசி லயத்து வரிசைவீடுகளுக்குக் காக்கை ஏறுவதில்லை. அவையெல்லாம் கீழே தலவாக்கலை மீன்கடை வாசலில் குடியும் குடித்தனமுமாக இருந்தன. மீனை விட்டுவிட்டுக் குளிரில் மலையேறி வெறும் சோறு தின்ன அவற்றுக்கு என்ன தலையெழுத்து?

மாமியார் காத்தாயி கண்ணை மூடிப் பதினொரு மாதமாகியிருந்தது. காத்தாயி என்றால் வட்டகொடை பெரியசாமிக் கங்காணிக்கு மூன்றாம் தாரத்தில் பிறந்த கடைசி மகள். நீலச்சேலை தவிர வேறு கட்டமாட்டாள். வாய் எந்நேரமும் வெற்றிலையில் சிவந்திருக்கும். அவள் மலையில் நின்று கூப்பிட்டால் தேயிலை ஸ்டோருக்குள் மெசினையும் மீறிக் கேட்கும். கடைசிக் காலத்தில் பிரஷர் கூடியதால் டாக்டர் உப்பையும் கருவாட்டையும் நிறுத்தச் சொன்னார். லெட்சுமியும் நிறுத்தினாள். டாக்டர் சொன்னது லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. மருமகள் கருவாட்டை ஒளித்துவைத்தது மட்டும் அத்தனை பேருக்கும் தெரியும்.

அமாவாசை தவறாமல் இலையில் சோறு வைத்துத் தொண்டை கட்டும்வரை "கா, கா" என்று கூப்பிட்டாள். வந்தது காக்கையல்ல, வேறொன்று. நீல உடம்பு, செம்பழுப்புத் தலை, மூக்கும் காலும் குங்குமச் சிவப்பு, சாண் நீள வால். அது வந்து சோற்றில் வாய் வைக்கும் முன்பே லெட்சுமி விளக்குமாற்றைத் தூக்கிவிடுவாள்.

"போ சனியனே! எங்க மாமிக்கு வச்ச சோறுடி இது!"

அது பேரிக்காய் மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வைது தீர்த்துவிட்டுத்தான் போகும்.

சாயங்காலம் வட்டகொடையிலிருந்து நாத்தனார் ஜீவராணியின் போன் வரும். தாய்மாமன் மகனுக்கே வாக்கப்பட்டு, தாய் பிறந்த ஊரிலேயே குடியிருப்பவள் அவள். "மதினி, அம்மா சாப்பிட்டுச்சா?"

"இல்லங்க."

"உசிரோட இருக்கையில போடாத கை. செத்த பெறகு நீட்டுனா வாங்குமா?"

பதினொரு அமாவாசைக்கும் இதே கேள்விதான். கடைசியில் லெட்சுமிக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு துண்டுக் கருவாடு கொடுத்திருந்தால் கிழவி இரண்டு நாள் முன்னதாகப் போயிருப்பாள். ஆனால் மனம் ஆறிப் போயிருப்பாளோ?

வருசத் தெவசத்தன்று ஜீவராணி காலை ரயிலில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பை, முகத்தில் ஒரு தீர்ப்பு. இலையில் சோறு, பூசணிக்காய்க் கூட்டு, வடை, நடுவில் வறுத்த கருவாடு. லெட்சுமியின் புருசன் முத்துலிங்கம் இரண்டு பெண்களுக்கும் நடுவில் நின்று, வாழ்நாள் முழுவதும் செய்ததுபோலவே, ஆகாயத்தைப் பார்த்தான்.

காக்கை வரவில்லை. நீலப் பறவை வந்தது. லெட்சுமியின் கை விளக்குமாற்றுக்குப் போனது.

"ஐயோ அம்மா, அடிக்க வேணாம்!"

காட்டுப் பாதையில் சமிந்த என்ற சிங்களக்காரர் இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றார். தோட்டத்துக்கு மேலே வெள்ளைக்காரரைக் கூட்டிப்போய்ப் பறவை காட்டுகிறவர். பின்னால் கழுத்தில் கேமராவோடு வயதான வெள்ளைக்கார அம்மா ஒருத்தி, கண்ணில் தண்ணீர் கட்டி நின்றாள்.

"இவங்க எட்டு நாளா இத தேடுறது. நம்ம இலங்கையில மட்டும்தான் இது இருக்கு."

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும்ங்க. காக்காவுக்கு வச்சத இது திங்குதே!"

"இதும் காக்கா குடும்பம்தானே அம்மா. காக்காவுக்கு சொந்தம்."

விளக்குமாறு அந்தரத்தில் நின்றது. லெட்சுமி அந்தப் பறவையை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தாள். நீலச்சேலை. சிவந்த வாய். அது நிதானமாக இலையில் இறங்கி, பூசணிக்காயை மூக்கால் இலைக்கு வெளியே தள்ளி, கருவாட்டைக் கவ்விக்கொண்டு கூரைத் தகரத்தில் ஏறியது. தின்று முடித்ததும் லெட்சுமியை நேராகப் பார்த்து ஒரு சத்தம் போட்டது. பக்கத்து லயத்து நாய் எழுந்துகொண்டது.

ஜீவராணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, அம்மாண்ணே! பூசணிக்காய ஒதுக்குது பாருங்க! அதே கொரலு!"

லெட்சுமிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. மாமி சாப்பிட்டுவிட்டாள், தன் கையால் வைத்ததை. இனி எவள் என்ன பேசுவாள்? அந்த நிம்மதிக்கு ஆயுள் ஒரு நிமிசம்தான்.

"ஏன் மதினி," அழுகையை நிறுத்திவிட்டு ஜீவராணி கேட்டாள், "அப்ப பதினொரு மாசமா எங்கம்மாவையா வெளக்குமாத்தால வெரட்டுனீங்க?"

"நீங்கதானங்க காக்கா, காக்கான்னீங்க!"

"சோறு ஆறுது," என்றான் முத்துலிங்கம்.

வெள்ளைக்கார அம்மா ஏதோ மெதுவாகச் சொன்னாள். சமிந்த திருப்பிச் சொன்னார்: "இவங்க வீட்டுத் தோட்டத்துக்கு இப்புடி ஒரு பறவை ஒரு நாள் வந்தா போதுமாம். வேற ஒண்ணும் வேணாமாம்."

தகரத்தின் மேலிருந்து அடுத்த துண்டுக்குக் கத்தல் ஆரம்பமாகியிருந்தது. நாளைக்கும் வரும், மறுநாளும் வரும், அது தின்னாமல் இனி இந்த வீட்டில் ஒருவர் வாயில் சோறு போகாது.

"மாமிய கூட்டிக்கிட்டே போகச் சொல்லுங்க," என்றாள் லெட்சுமி. "கருவாட்ட மட்டும் நிறுத்திர வேணாம்னு சொல்லிருங்க."